ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் நான் நார்வேஜியன் படித்த கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பினாங்கு டவுனுக்குப் போகணும். போர்டு எழுதுறவர் கடையில ஒரு துணி பேனர் தயாரா இருக்கும். அதை வாங்கிக்கிட்டு ரெண்டு மணிக்குள்ள பாயான் லெப்பாஸ் பேக்டரிக்குத் திரும்பணும்.

அவ்வளவுதான். எட்டு வயசுப் பிள்ளைகிட்ட சொல்லியிருந்தாகூட ஒழுங்கா செஞ்சிருக்கும்.

எனக்கு அப்ப வயசு இருபத்தாறு.

எழுபதுகள் முடியப்போற நேரம் அது. நான் பேக்டரியில டெக்னீசியன். நார்வேலேர்ந்து புது மெசின் ஒண்ணு வந்து பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. அதைப் பொருத்திக் கொடுக்க அங்கேருந்தே ஒரு இன்ஜினியர் வர்றார்னு சொன்னாங்க. எங்க மேனேஜர் மிஸ்டர் லிம், மீட்டிங்ல எல்லாரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"யாருக்காவது நார்வே பத்தி ஏதாச்சும் தெரியுமா?"

பேசாம இருந்திருக்கலாம். ஆனா பக்கத்துல ரவி உக்காந்திருந்தான். அவனும் என்னை மாதிரி டெக்னீசியன். இந்த மெசினுக்காக ஒரு ஆளை ஆறு மாசம் நார்வேக்கு ட்ரெய்னிங் அனுப்பப் போறாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ரவி தொண்டையைச் செருமுனான். அவ்வளவுதான், என் கை தானா மேல போயிடுச்சு.

"சார், எனக்கு நார்வேஜியன் கொஞ்சம் பேச வரும்."

நார்வே மேப்புல எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது.

"வெரி குட் லா, சிவா!" மிஸ்டர் லிம் மேசையைத் தட்டினார். "அப்ப நீதான் அவரை வரவேற்கணும். அவங்க பாஷையிலயே பேசு. பேனரும் அதே பாஷையில எழுதச் சொல்லிடு."

வெளிய வந்ததும் ரவி என்னைச் சுவத்தோரமா நிறுத்தினான். "எப்படா கத்துக்கிட்ட?"

"வீட்டுல சும்மா இருக்குறப்ப."

"நீ வீட்டுல சும்மா இருக்குறப்ப தூங்கத்தானே செய்வ?"

இன்ஜினியர் வர்றதுக்குள்ள பாஷையைக் கத்துக்கணும். எனக்கு இருந்தது நாலு நாள்.

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புத்தகக் கடைங்க இருக்கும். அங்க போய் மூணு மணி நேரம் தேடினேன். கடைசியில ஒண்ணு கிடைச்சது. இங்லீஷ் வழியா நார்வேஜியன் கத்துக்குற புத்தகம். தூக்கிப் பார்த்தா தூள் தூளா கொட்டுது. முக்கால்வாசியைக் கரையான் தின்னுடுச்சு. அந்தக் கரையானுங்க என்னைவிட நல்லா நார்வேஜியன் பேசியிருக்கும்.

முழுசா மிஞ்சினது ஒரே ஒரு பாடம். அந்தப் பாடத்துல இருந்தது ஒரே ஒரு வினைச்சொல்.

பரவாயில்ல, நல்ல சொல்தான். தினம் எல்லாரும் பேசுற சொல். 'சொல்றது'ங்கிற அர்த்தம். 'சீ'ன்னு உச்சரிக்கணும்னு போட்டிருந்துச்சு. 'சொல்ல'ன்னு பொதுவா குறிக்கிறப்ப முன்னாடி ஒரு 'ஓ' சேர்த்துக்கணும். 'ஓ சீ'. ஒருத்தரைப் பார்த்து 'சொல்லு'ன்னு கட்டளையா சொல்றதா இருந்தா வெறும் 'சீ'. 'சொல்றேன்'ங்கிறதுக்கு 'சீயர்'. 'சொன்னேன்'ங்கிறதுக்கு 'சா'. 'சொல்லியிருக்கேன்'னா 'ஹார் சக்த்'. 'நான்'ங்கிறது 'யெய்'.

அந்தச் சொல்லோட பிறப்பு வளர்ப்பு எல்லாம் கீழ பொடி எழுத்துல இருந்துச்சு. ரொம்பப் பழைய வட ஐரோப்பிய மொழியில அது 'செய்யா'ன்னு ஏதோ ஒண்ணா இருந்துச்சாம். தேய்ஞ்சு தேய்ஞ்சு 'சீ' ஆயிடுச்சாம். இங்லீஷ்ல இருக்குற 'சே'யும், ஜெர்மன்காரன் சொல்ற 'சாகன்'னும் இதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிங்களாம். படிச்சதும் எனக்கு ஒரே பெருமை. குடும்பமே எனக்குத் தெரிஞ்ச குடும்பம்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

உதாரணமா ஒரு வாக்கியமும் இருந்துச்சு. அதுல ஊர்ப் பேரை மட்டும் மாத்தி நம்ம ஊரைப் போட்டேன். 'வெல்கொம்மென் டில் பினாங், சீயர் வி அல்லெ!' அதாவது, 'பினாங்குக்கு நல்வரவுன்னு நாங்க எல்லாரும் சொல்றோம்!'

இதுல ஒரு ஆபத்து இருக்கு. 'சீயர்'னு சொல்ல வேண்டிய எடத்துல வாய் தவறி 'சா'ன்னு வந்துட்டா, 'சொன்னோம்'னு ஆயிடும். நல்வரவுன்னு முன்னாடி சொன்னோம், இப்ப என்ன நினைக்கிறோம்னு தெரியாதுங்கிற மாதிரி. அதனால மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும்னு ஒரு தாள்ல எல்லாத்தையும் வரிசையா எழுதிப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன்.

உச்சரிப்பு தப்பாயிடக் கூடாதுன்னு தமிழ் எழுத்துல எழுதினேன். இதுதான் நான் செஞ்ச முதல் புத்திசாலித்தனம்.

வீடு ஆயர் ஈத்தாம் ப்ளாட்ல. நாலாவது நாள் காலையில பத்து மணிக்கு அங்க மார்க்கெட் கிட்ட டவுன் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரமா எடம் கிடைச்சது. எனக்கு முன் சீட்டுல ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். மடியில ஒரு தூக்குச்சட்டி, கையில ஒரு நீளக் குடை.

எனக்குப் படிக்கிறதுல ஒரு பழக்கம் உண்டு. ஸ்கூல்லேர்ந்து வந்தது. ரெண்டு காதுலயும் ஆள்காட்டி விரலை விட்டு அடைச்சுக்குவேன். கண்ணை இறுக்கி மூடிக்குவேன். அப்புறம் வாய்விட்டுச் சொல்லுவேன். உலகமே இடிஞ்சு விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

"ஓ சீ... ஓ சீ... ஓ சீ..."

யாரோ தோளைத் தட்டினாங்க. கண்ணைத் திறந்தா முன் சீட்டு அக்கா.

"தம்பி, ஓசியெல்லாம் இந்த பஸ்ல கிடையாது. அதோ கண்டக்டர் நிக்கிறார் பாரு, டிக்கெட் எடு."

"எடுக்குறேன்க்கா."

கண்டக்டர் சீனர். பல்லிடுக்குல ஒரு குச்சி. நான் காசை நீட்டினேன். வாய் மட்டும் பாட்டுக்குப் பாடத்தைச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. "சீ... சா..."

"நாலு டிக்கெட்டா, மூணு டிக்கெட்டா?"ன்னு மலாய்ல கேட்டார்.

"ஒண்ணு."

"அப்ப ஏன் நாலு, மூணுங்கிற?"

அவங்க ஹொக்கியன் பாஷையில 'சீ'ன்னா நாலாம், 'சா'ன்னா மூணாம். நான் சிரிச்சு மழுப்பிட்டு டிக்கெட்டை வாங்கிக்கிட்டேன். மறுபடியும் காதுல விரல். கண் மூடியாச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை நான் பார்க்கல, கேக்கல. பின்னாடி போலீஸ்காரர் முன்னாடி அந்த அக்கா ஒண்ணு விடாம சொன்னாங்க. அப்பதான் எனக்கே தெரியும்.

நான் "சீ!"ன்னேனாம். அக்கா தூக்குச்சட்டியை ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பி, "விரால் சூப்பு தம்பி, கொஞ்சம் வாடை இருக்கும், பொறுத்துக்க"ன்னாங்களாம்.

நான் "சீ! சீ!"ன்னேனாம்.

அக்கா தூக்குச்சட்டியை அந்தப் பக்கமா நகர்த்தி, முந்தானையால மூடினாங்களாம்.

நான் மூக்கைச் சுருக்கிக்கிட்டு "சீயர்!"ன்னேனாம். மூக்கைச் சுருக்குறதும் என் பழக்கம்தான். கஷ்டமான பாடம்னா தானா சுருங்கிடும்.

அக்காவுக்கு மனசு கேக்கல. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்யா. எங்க வீட்டுக்காரருக்கு நேத்துதான் வயித்துல ஆப்ரேசன் ஆச்சு. காயம் ஆறணும்னு விரால் சூப்பு வெச்சுக் கொண்டு போறேன்"ன்னு சொன்னாங்களாம்.

சரியா அந்த நேரம் பார்த்து நான் இறந்த காலத்துக்கு வந்திருக்கேன். இது தவறவே கூடாதுன்னு வயித்துலேர்ந்து மூச்சை இழுத்து, நல்லா அழுத்தமா சொன்னேன்.

"யெய்... சா!"

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இதுக்கு அப்புறம்தான். மண்டையில குடை விழுந்துச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

"ஏய் சாவா? யாரைடா சாகச் சொல்ற? என் புருசன் உனக்கு என்னடா பண்ணார்?"

கண்ணைத் திறந்தா மொத்த பஸ்ஸும் என்னைப் பார்க்குது. அக்கா முகமெல்லாம் கண்ணீர்.

"அக்கா, அக்கா! அது தமிழ் இல்லக்கா! நார்வேஜியன்!"

"என்னது?"

"நார்வே நாட்டு பாஷைக்கா. 'சொன்னேன்'னு அர்த்தம்!"

"எதுக்கு அந்த அர்த்தம்?"

"சா!"

"பாருங்க, மறுபடியும் சொல்றான்!"

குடை மறுபடியும் வந்துச்சு.

அக்கா கண்டக்டரைக் கூப்பிட்டாங்க. "நீயும் கேட்டல்ல? இவன் 'சீ'ன்னு சொன்னானா இல்லையா?"

கண்டக்டர் குச்சியை வாயிலேர்ந்து எடுத்தார். கோர்ட்ல சாட்சி சொல்றவர் மாதிரி நிதானமா பேசினார். "சொன்னான். எங்க பாஷையில 'சீ' மெல்லச் சொன்னா நாலு. அழுத்திச் சொன்னா சாவு." குச்சியை என் பக்கம் நீட்டினார். "இவன் அழுத்தித்தான் சொன்னான்."

"அய்யோ! சீனத்துலயும் சாகச் சொல்லியிருக்கான், தமிழ்லயும் சாகச் சொல்லியிருக்கான்!"

இப்பதான் என்னோட ரெண்டாவது புத்திசாலித்தனம். ஆதாரம் காட்டிடலாம்னு பாக்கெட்ல இருந்த தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அதை வாங்கி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சார்.

"ஓ சீ. சீ. சீயர். யெய் சா." தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சார். "யெய் சாவுக்கு அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கான்!"

"வீட்டுலேர்ந்தே எழுதிக்கிட்டு வந்திருக்கானா!"ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல்.

டிரைவர் அதுக்கு மேல யாரையும் கேக்கல. வழியில இருந்த போலீஸ் ஸ்டேசன் வாசல்ல பஸ்ஸை நிறுத்தி, எங்க ரெண்டு பேரையும் இறக்கி விட்டுட்டுப் போயிட்டார். மணி பத்தே முக்கால்.

உள்ள ஒரு மலாய்க்கார சார்ஜன். பெரிய மீசை. முன்னாடி ஒரு கிளாஸ் கோப்பி. அக்கா நடந்ததை மலாய்ல சொல்லி அழுதாங்க. அவர் பொறுமையா கேட்டுட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ அவங்களைப் பார்த்து என்ன சொன்ன?"

"சீ..."ன்னு ஆரம்பிச்சேன்.

"சியாப்பா?"ன்னார்.

மலாய்ல 'யாரு'ன்னு அர்த்தம். நானும் பதட்டத்துல "சிவா"ன்னேன்.

"உன் பேரைக் கேக்கல. நீ என்ன சொன்ன?"

"'சொல்லு'ன்னு சொன்னேன், துவான்." துவான்னா மலாய்ல ஐயா.

"எதைச் சொல்லச் சொன்ன?"

"எதையும் சொல்லச் சொல்லல துவான். 'சொல்லு'ங்கிறதை மட்டும்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் 'சொல்றேன்'னு சொன்னேன்."

"என்ன சொல்றேன்னு சொன்ன?"

"ஒண்ணும் சொல்றேன்னு சொல்லல. சும்மா 'சொல்றேன்'னு சொன்னேன். கடைசியா 'சொன்னேன்'னு சொன்னேன். அப்பதான் அடிச்சாங்க."

சார்ஜன் பேனாவை மூடி வெச்சார். கோப்பியை எடுத்து ஒரு மடக்கு குடிச்சார். "இதை நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதுறது, சொல்லு?"

சொல்லுன்னு அவர் சொன்னதும் என் வாயில 'சீ'ன்னுதான் வந்துச்சு. நல்ல வேளை, பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

பேக்டரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மிஸ்டர் லிம். என்ன பேசினாங்கன்னு தெரியல. சார்ஜன் ரிசீவரைக் கையால பொத்திக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க மேனேஜர், நீ நார்வேஜியன்ல பெரிய ஆளுங்கிறார். எங்க, கொஞ்சம் பேசு."

ரிசீவரை என் வாய்கிட்ட நீட்டினார். அந்தப் பக்கம் மேனேஜர் கேட்டுக்கிட்டிருக்கார். இந்தப் பக்கம் சார்ஜன். பெஞ்சுல அக்கா, குடையோட. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சொல். வேற வழியில்ல, நேரா நின்னு ஒப்பிச்சேன்.

"யெய் சீயர். டூ சீயர். ஹான் சீயர். வி சீயர்..."

"என்ன அர்த்தம்?"

"நான் சொல்றேன், நீ சொல்ற, அவன் சொல்றான், நாங்க சொல்றோம்."

"எல்லாத்துக்கும் சீயர்தானா?"

"ஆமா துவான். யார் சொன்னாலும் அந்தச் சொல் மாறாது."

"இன்ஸ்பெக்டர் சொன்னா?"

"அதேதான்."

"சுல்தான் சொன்னா?"

"அதுக்கும் சீயர்தான், துவான்."

சார்ஜன் தலையை ஆட்டினார். "மரியாதை தெரியாத பாஷையா இருக்கே."

ரிசீவரைக் காதுல வெச்சுக் கேட்டுட்டு எனக்குச் சொன்னார். "உன் மேனேஜர் ரொம்ப சந்தோசப்படுறார். நல்லா சரளமா பேசுறியாம்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தப்பிச்சாச்சுன்னு நினைச்சுக்கிட்டே திரும்பினேன். அக்கா தூக்குச்சட்டி மூடியைத் திறந்து, உள்ள விரலை வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"ஆறிப் போச்சு"ன்னாங்க. யாரையும் பார்த்துச் சொல்லல.

அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. இவ்வளவு நேரமும் நான் என்னைக் காப்பாத்திக்கத்தான் வாய் கிழியப் பேசிக்கிட்டிருந்தேன். விடியக்காலையில எழுந்து சூப்பு வெச்சு, புருசன் பொழச்சு எழுந்திருக்கணும்னு தூக்கிக்கிட்டு வந்த மனுசிகிட்ட ஒரு மன்னிப்புகூடக் கேக்கல.

கிட்ட போய் உக்காந்தேன். "அக்கா, என்னை மன்னிச்சிருங்கக்கா. நான் உங்களைச் சொல்லல. சத்தியமா நீங்க பேசினதே எனக்குக் கேக்கல. ஆனா உங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும். தப்பு என்மேலதான்."

அக்கா என்னையே பார்த்தாங்க. "ராத்திரி முழுக்கத் தூங்கல தம்பி. மயக்கம் தெளியறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு அவருக்கு. எதைக் கேட்டாலும் பயமா இருக்கு. அந்த நேரத்துல நீ வந்து..."

முடிக்கல. முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

சார்ஜன் மீசையைத் தடவிக்கிட்டே எழுந்து வந்தார். ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, பின்கட்டுல கோப்பி போடுற அடுப்புல அந்தச் சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டு வரச் சொன்னார். என்கிட்ட சொன்னது ஒண்ணுதான்.

"டெக்சி புடி. அவங்களை ஆஸ்பத்திரியில விடு. பஸ்ல படிக்காத."

டெக்சி பாதி தூரம் போயிடுச்சு. அப்புறம் அக்காதான் கேட்டாங்க.

"நிஜமாவே அப்படி ஒரு பாஷை இருக்கா?"

"இருக்குக்கா."

"அவங்க ஊர்ல பொம்பளைங்க புருசனைப் பார்த்து 'சீ'ன்னு சொன்னா, அவன் பேச ஆரம்பிச்சிடுவானா?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுல நான் அப்படிச் சொன்னா அவர் பேச்சை நிறுத்துவார்"ன்னாங்க. முகத்துல லேசா ஒரு சிரிப்பு. எனக்கு உயிர் வந்துச்சு.

வார்டு வாசல்லயே விட்டுட்டு ஓடிடலாம்னு பார்த்தேன். "உள்ள வா"ன்னு கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கட்டில்ல ஒல்லியா ஒரு மனுசன், வாடின முகத்தோட படுத்திருந்தார். அக்கா என்னை முன்னாடி தள்ளினாங்க.

"இந்தாங்க, இவன்தான் காலையில உங்களைச் சாகச் சொன்னவன்."

இப்படி ஒரு அறிமுகம் எனக்கு வாழ்க்கையில வேற எங்கயும் கிடைச்சதில்ல.

அண்ணன் மெதுவா தலையைத் திருப்பினார். "எதுக்குத் தம்பி?"

நான் ஆரம்பத்துலேர்ந்து சொன்னேன். மேனேஜர், நார்வே, கரையான், எல்லாம். 'சீயர்'னு சொல்ற எடம் வந்ததும் அவர் கண்ணு பெருசாச்சு.

"வா சீயர் டூ?"ன்னார்.

நான் அப்படியே நின்னுட்டேன். "அண்ணே! என்ன சொன்னீங்க?"

"அதேதான். 'என்ன சொல்ற?'ன்னு அர்த்தம். நான் இருபது வருசமா துறைமுகத்துல சரக்குத் தூக்குற வின்ச்சு ஓட்டுறேன்ல. நார்வே கப்பல் எத்தனை வந்திருக்கு! அதுல ஒரு பெரிய ஆபீசருக்குக் காது மந்தம். நாம என்ன கத்தினாலும் கையைக் காதுல வெச்சுக்கிட்டு 'வா சீயர் டூ? வா சீயர் டூ?'ம்பான். நாங்க அவனுக்கு சீயர்னே பேர் வெச்சுட்டோம்."

அக்கா என்னைப் பார்த்தாங்க. அவரைப் பார்த்தாங்க. "அப்ப இவன் பொய் சொல்லலையா?"

பினாங்குல எனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளு, அந்த பஸ்ல நான் சாகச் சொன்னதா எல்லாரும் நினைச்ச அதே ஆளு!

"நீ குடையால அடிச்சியா?"ன்னு அண்ணன் கேட்டார்.

"நாலஞ்சு போட்டேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முதல்ல தோள் குலுங்குச்சு. அப்புறம் கட்டில் குலுங்குச்சு. "ஹா ஹா... அய்யோ அம்மா! தையல்! ஹா ஹா... அய்யோ!" வயித்தைப் புடிச்சுக்கிட்டு அழுறாரா சிரிக்கிறாரான்னே தெரியல.

மிஸ்ஸி, அதான் நர்ஸ், ஓடி வந்தாங்க. "யாரு இவரைச் சிரிக்க வெச்சது? நேத்து ஆப்ரேசன் ஆன ஆளை!"

அக்கா, அண்ணன் ரெண்டு பேர் கையும் ஒரே நேரத்துல என் பக்கம் நீண்டுச்சு.

"அடிக்காதீங்க மிஸ்ஸி, அதெல்லாம் நான் காலையிலயே அடிச்சுட்டேன்"ன்னாங்க அக்கா. "கண்ணு முழிச்சதுலேர்ந்து இவர் இப்பத்தான் சிரிக்கிறார்."

அப்படியும் மிஸ்ஸி என்னை வெளிய அனுப்பிட்டாங்க. வராண்டா வரைக்கும் "வா சீயர் டூ... அய்யோ தையல்!"னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

மணி ஒண்ணேகால்!

ஓட்டமா ஓடி போர்டு எழுதுறவர் கடைக்குப் போனேன். அவர் நிதானமா கடைசி எழுத்துக்கு மேல ஊதிக்கிட்டிருந்தார்.

"இன்னும் காயல தம்பி. சாயங்காலம் வா."

"சாயங்காலம் வந்தா என் வேலைக்கு வேற ஆள் வந்திருப்பான்ணே!"

ஈரத்தோடயே சுருட்டி வாங்கிக்கிட்டேன். டெக்சியில கீழ வெச்சா சீட்டுல ஒட்டும்னு டிரைவர் கத்தினார். அதனால பாயான் லெப்பாஸ் வரைக்கும் நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டே போனேன். மூணாவது புத்திசாலித்தனம்.

பேக்டரியில இறங்குறப்ப ரெண்டு இருபது. வாசல்லயே மிஸ்டர் லிம், ரவி, இன்னும் பத்துப் பேர். நடுவுல ஒரு நெட்டை வெள்ளைக்காரர். வெயில்ல மூக்கு சிவந்து போய் நிக்கிறார். நான் பேனரை விரிச்சேன். பாதி எழுத்தைக் காணோம்.

ரவி என் சட்டையைக் காட்டினான். மீதி எழுத்து அங்க இருந்துச்சு, தலைகீழா.

பேசாம வாக்கியத்தையாவது ஒழுங்கா சொல்லிடலாம்னு நேரா நின்னேன். நாலு நாள் பாடுபட்டது, குடையடி வாங்கினது, எல்லாம் இந்த ஒரு நிமிசத்துக்குத்தான். மூச்சை இழுத்தேன்.

"வெல்கொம்மென் டில் பினாங், சா வி அல்லெ!"

சா! போச்சு.

நெட்டையர் புருவத்தைத் தூக்கினார். அப்புறம் இங்லீஷ்ல ரொம்ப மரியாதையா கேட்டார். "நல்வரவுன்னு எல்லாரும் சொன்னீங்களா? எப்ப?"

"காலையில சார்"ன்னேன். வேற என்ன சொல்றது?

அவர் ஒரு நிமிசம் என் சட்டையைப் பார்த்தார். மண்டையில இருந்த வீக்கத்தைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் என் கையைப் புடிச்சுக் குலுக்கினார்.

"இத்தனை நாடு போயிருக்கேன். எங்க பாஷையில ஒரு வார்த்தை பேச இவ்வளவு பாடுபட்ட ஆளை நான் பார்த்ததில்ல"ன்னார். மிஸ்டர் லிம் பக்கம் திரும்பினார். "ட்ரெய்னிங்குக்கு இவரையே அனுப்புங்க."

ரவி முகம் போன போக்கைப் பார்க்கணுமே! எனக்குக் கால் தரையில இல்ல.

"ஆனா ஒண்ணு"ன்னார் நெட்டையர். "நீங்க படிச்சது தலைநகரத்துப் புத்தகம். ட்ரெய்னிங் நடக்குறது எங்க ஊர்ல, மேற்குக் கடற்கரைப் பக்கம். அங்க யாரும் 'சீ'ன்னு சொல்றதில்ல. அந்தச் சொல் அங்க வேற மாதிரி."

"பின்ன எப்படி சார் சொல்வீங்க?"

"'சை'ன்னு சொல்வோம். சொல்றேன்னா 'சையர்'. எங்க, என்கூடச் சொல்லுங்க. சை!"

"சை."

"அழுத்திச் சொல்லணும். சை!"

"ச்சை!"

"அருமை! வீட்டுக்குப் போற வழியிலயே ஒரு நூறு தடவை சொல்லிப் பார்த்துடுங்க. நாளைக்குக் காலையில கேப்பேன்."

அன்னைக்கு பாயான் லெப்பாஸ்லேர்ந்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் நான் நடந்தேதான் போனேன்.